குண்டு விழுந்த தூரம்

ஞாயிற்றுக்கிழமை. அமலோற்பவத்துக்கு விடுப்பு,
எனக்கும்தான்.
சில்வர் பீச்சுக்குப் போகலாமா என்றால்
"கூட்டம், மீன் வறுவல் புகை, வேணாம்டி,
சமாதிக்குப் போவோம்" என்கிறாள்.
மூன்று மாதமாய் இப்படித்தான்
எங்கள் உல்லாசப் பயணம்.

வண்டி அவளுடையது.
பின்னால் நான், மடியில் எலுமிச்சைச் சோறு,
இரண்டு பாட்டில் தண்ணீர்:
ஒன்று குடிக்க,
ஒன்று எழுத்துக்கு.
கெடிலம் பாலத்தில் காற்று துப்பட்டாவைப் பிடுங்குகிறது.
ஆற்றில் தண்ணீரைவிட ஆகாயத்தாமரை அதிகம்.

கேட்டில் பூட்டு. சாவி
எதிர்ப்பக்கப் பஞ்சர் கடையில்
டியூபுகளுக்கு நடுவே தொங்குகிறது.
"உள்ள ஒறவுக்காரங்க யாராச்சும் இருக்காங்களா?"
"ஆமாண்ணே" என்கிறாள் அமலோற்பவம்,
கூசாமல், இருநூற்றெழுபது வருஷப் பொய்.
அவர் கையைத் துடைத்துக்கொண்டு
சாவியை நீட்டுகிறார்.

முழங்கால் உயர நாயுருவி.
தானே புயலில் சாய்ந்த வேம்பு
சாய்ந்தபடியே துளிர்த்து
ஒரு கேப்டனுக்கு நிழல் தருகிறது.

கல்லில் தண்ணீர் ஊற்றினால்
எழுத்து ஒரு நிமிஷம் மேலே வரும்.
அதற்குள் படித்துவிட வேண்டும்,
காய்ந்துவிட்டால் மறுபடி வெறுங்கல்.
நான் ஊற்ற அவள் படிக்கிறாள்
கான்வென்ட் இங்கிலீஷில், ராகம் போட்டு:
கப்பல் தச்சன், காய்ச்சல், வயது இருபத்திரண்டு.
"அன்பு மனைவி" என்பது மட்டும் மிஞ்சிய ஒருத்தி,
பெயர் இருந்த இடத்தில்
எவனோ இதயம் கீறி
உள்ளே 'சந்துரு' என்று எழுதியிருக்கிறான்.
பதினோரு மாதக் குழந்தை ஒன்று.
அதன் கீழே நாலு வரிப் பாட்டு.
அர்த்தம் கேட்டேன்.
பாட்டில் மூடி எங்கே என்றாள்.

நான் சர்வேயர். கை சும்மா இருக்காது.
டேப்பை இழுத்துக் குறித்துக்கொள்கிறேன்.
கேப்டன் ஏழடி மூன்றங்குலம்.
தச்சன் ஆறேகால்.
குழந்தையினுடையதை அளந்தேன்,
எழுதவில்லை.

இந்த ஊரை அளந்த கதையை
புதிதாய் வேலைக்கு வருபவர்களுக்கு
ஆபீசில் டீயோடு சேர்த்துச் சொல்வோம்.
கோட்டையை விலைக்கு வாங்கியவர்கள்
சங்கிலி போடவில்லை, கல் நடவில்லை,
பீரங்கியைத் திருப்பித் திருப்பிச் சுட்டார்களாம்.
குண்டு விழுந்த தூரம்வரை அவர்களுடையது.
இன்றும் குண்டு உப்பலவாடி என்று
புலப்படத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன்.
தன் கத்தரிப் பாத்தியில் விழுந்ததை
குனிந்து பார்த்தவன் பெயர்
எந்தப் பதிவேட்டிலும் இல்லை.
தேடியிருக்கிறேன்.

சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கையில்
மதிலுக்கு அப்பாலிருந்து வந்து
கேப்டன் தலைமாட்டில் பட்டு எகிறி
நாயுருவிக்குள் போனது
ஒரு ரப்பர் பந்து.
மதில்மேல் மூன்று தலைகள்.
"அக்கா, பாலு!"
"என்னடா, சிக்ஸரா?"
"இல்லக்கா, உள்ள விழுந்தா அவுட்டு.
இந்த எடம் யாருக்கும் இல்ல."

அமலோற்பவம் புடவையைச் செருகிக்கொண்டு இறங்கினாள்.
ஒன்றைத் தேடப்போய்
ஐந்து பந்து கிடைத்தது,
வெயிலில் வெளுத்து வெடித்தவை நான்கு.
ஐந்தையும் எறிந்தாள்.
கடைசிப் பந்து எங்கே விழுந்ததென்று
மதில் காட்டவில்லை.
பிள்ளைகள் போட்ட கூச்சலைப் பார்த்தால்
ரோட்டைத் தாண்டியிருக்கும்.

பாவாடை விளிம்பெல்லாம் நாயுருவி.
பிய்த்துப் பிய்த்துப் போட்டபடி சாப்பிட்டாள்.
ஊறுகாய் காரம்.
குடிக்கிற பாட்டில் தீர்ந்துபோய்
எழுத்துக்கு வைத்திருந்ததையும் குடித்தோம்.

படிக்காத கல் இன்னும் பதினேழு.
சாவியைக் கொடுக்கையில்
பஞ்சர் கடைக்காரர் கேட்டார்:
"நல்லா இருக்காங்களா?"